அருவிக்கு மேலே இருந்த குளம்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 90 மைல் சென்றால் டொக்கோவா என்ற சிறிய ஊர் வரும். அங்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வளவுக்குள் 186 அடி உயரமான அருவி ஒன்று இருக்கிறது. நயாகராவை விடவும் உயரமானது என்று ஊரவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உயரத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். தண்ணீரைப் பொறுத்தவரை அல்ல. நான் கண்டபோது பாறை முகப்பில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டது போல மெல்லிதாக வழிந்துகொண்டிருந்தது. சில வருடங்களுக்கு முன்னர் அட்லாண்டாவில் குடியிருக்கும் எனது தமக்கையின் மகன் என்னை அங்கு அழைத்துச் சென்றிருந்தான்.

நான் அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் சற்றுத் தள்ளி ஒரு கல்லின் முன்னால் நின்றான்.

"மாமா, இஞ்சை வந்து பாருங்கோ. மேலை ஒரு குளம் இருந்ததாம். அது ஒரு இரவிலை உடைச்சுப் பாஞ்சு, 39 பேர் செத்துப்போச்சினமாம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். அருவியின் உச்சியில் மரங்களும் வானமும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு குணம் படிந்துவிடுகிறது. இறந்தவர்களின் தொகை ஒன்று கண்ணில் பட்டால், அது எந்தக் காலத்துச் செய்தியாக இருந்தாலும், ஏன், எப்படி, யார் பொறுப்பு என்ற கேள்விகள் தாமாகவே எழும். ஊர் திரும்பிய பின்னர், அந்த அணை உடைந்தது பற்றி அமெரிக்க சமஷ்டி அரசின் விசாரணைக்குழு 1977 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையையும், அவர்களது புவிச்சரிதவியல் திணைக்களத்தின் பதிவுகளையும் தேடி வாசித்தேன். வாசித்து முடித்தபோது, அது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையல்ல என்று எனக்குத் தோன்றிற்று. ஆகவே இதனை எழுதுகிறேன்.

அந்த அணைக்குக் கெல்லி பார்ன்ஸ் அணை என்று பெயர். மண்ணால் ஆனது. உயரம் 38 அடி. நீளம் ஏறத்தாழ 400 அடி. மேல்முகட்டின் அகலம் 20 அடி. அதற்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் வழக்கமான நாட்களில் 40 ஏக்கர் அளவு பரப்பில் கிடந்தது. எமது நாட்டில் இத்தகைய ஒரு நீர்நிலையை எவரும் நீர்த்தேக்கம் என்று அழைக்கமாட்டார்கள். கிராமத்துக் குளம் என்றுதான் சொல்வோம். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்குப் பாயும் சிறு குளங்களுள் ஒன்றாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் இடாப்பில் ஒரு வரியாக அடங்கியிருக்கும். சிறியதுதான். ஆனால் சிறிய குளம் என்பதும் சிறிய ஆபத்து என்பதும் ஒன்றல்ல. குளம் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை மட்டுமல்லாமல், அதற்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த அணையை ஒரு பொறியியலாளர் வரைபடம் போட்டு ஒரே முறையில் கட்டவில்லை. அது காலத்துக்குக் காலம் வளர்ந்தது. 1899 ஆம் ஆண்டளவில், அருவியின் விழுச்சியைக் கொண்டு மின்சாரம் எடுப்பதற்காக, மரச்சட்டங்களுக்குள் கற்களை நிரப்பி முதலில் ஒரு தடுப்பைக் கட்டினார்கள். பின்னர் அந்த நிலம் ஒரு வேதாகமப் பாடசாலையின் கைக்கு வந்தது. இன்றைய கல்லூரியின் முன்னோடி அது. பாடசாலைக்கு விளக்கு எரிய வேண்டும். மின்சாரத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே 1930களின் பிற்பகுதியில் அந்தக் கற்தடுப்பின் மீதே மண்ணைப் போட்டு அணையாக்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் மேலும் மண் போட்டு உயர்த்தினார்கள். கல்லின் மேல் மண், மண்ணின் மேல் மண். 1977 இல் விசாரணைக்கு வந்த பொறியியலாளர்கள் தேடியபோது, அந்த அணைக்கு ஒரு வரைபடமோ கணிப்புத் தாளோ கிடைக்கவில்லை.

1957 ஆம் ஆண்டில் அங்கே மின்சாரம் உற்பத்தி செய்வது நிறுத்தப்பட்டது. இந்த வருடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்தக் குளத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. மீன்பிடிக்கவும் கரையில் பொழுதுபோக்கவும் அது ஒரு அழகிய ஏரியாக, மலை மடிப்பில் மரங்கள் சூழ, இருபது வருடங்கள் கிடந்தது.

அந்த இருபது வருடங்களில் அணைக்கு என்ன நடந்தது என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. மின்சாரம் எடுத்த காலத்தில், தண்ணீர் குறைந்தால் விளக்கு மங்கும். குழாய் அடைத்தால் இயந்திரம் நிற்கும். ஆகவே எவராவது ஒருவர் மேலே ஏறிப்போய்ப் பார்த்தேயாக வேண்டும். பார்க்கப் போனவர் கதவைப் பார்ப்பார், குழாயைப் பார்ப்பார், போகிற வழியில் கட்டையும் பார்ப்பார். விளக்குக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு இந்தப் பார்வை நின்றுபோயிற்று. அதன் பின்னர் அங்கு சென்றவர்கள் தண்ணீரின் பக்கமே நின்றார்கள். தூண்டில் போடுகிறவனுக்கு அணையின் முதுகுப்பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது?

அந்த முதுகுப்பக்கத்தில்தான் எல்லாம் நடந்தது. அணையின் வெளிச்சரிவு மிகச் செங்குத்தானது. சில இடங்களில் ஓர் அடி உயரத்துக்கு ஓர் அடி அகலம் என்ற அளவிலேயே இருந்தது. மண்கட்டின் வெளிச்சரிவு இரண்டடி, இரண்டரையடி என்று சாய்ந்து படுத்திருக்க வேண்டும். செங்குத்தாக நிற்கின்ற ஈரமண் எப்போதும் படுக்கவே பார்க்கும். போதாததற்கு அந்தச் சரிவெங்கும் மரங்கள் வளர்ந்திருந்தன. மரம் நிற்பது மண்ணுக்குப் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். மலைச்சரிவில் அது சரியாக இருக்கலாம். குளக்கட்டில் வேர் உள்ளே இறங்கி, ஒருநாள் செத்து உக்கிப்போனால், அது இருந்த இடம் தண்ணீருக்கு ஆயத்தமான குழாயாகிவிடும். உள்ளே சிறு கசிவாகத் தொடங்கும் தண்ணீர் மண்ணைத் துகள் துகளாக வெளியே கொண்டுவந்து, துளையைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போகும். மண்ணணைகள் சாவது பெரும்பாலும் இரண்டு வழிகளிலேதான். ஒன்று, வெள்ளம் முகட்டுக்கு மேலால் பாய்வது. மற்றையது, உள்ளே நடக்கும் இந்த அரிப்பு. முன்னையது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பின்னையது, கட்டின் அடியில் நடந்து பார்க்கிறவனுக்கு மட்டுமே தெரியும்.

1973 இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் விசாரணையாளர்களின் கைக்கு வந்தது. அதில் அணையின் வெளிச்சரிவிலே ஏறத்தாழ 12 அடி உயரத்துக்கும் 30 அடி அகலத்துக்கும் மண் சரிந்திருப்பது தெரிந்தது. நான்கு வருடங்களுக்கு முன்னரே அணை தன் நோயைச் சொல்லியிருக்கிறது. அதைப் படம்பிடிக்கவும் ஒருவர் இருந்திருக்கிறார். அந்தப் படத்தின் பொருளைப் படிக்கத்தான் ஆள் இருக்கவில்லை.

1977 நவம்பர் மாதம் 2 ஆம் திகதி தொடக்கம் டொக்கோவாப் பகுதியில் மழை பெய்தது. 6 ஆம் திகதி வரையான அந்த மழையின் அளவு ஏறத்தாழ 7 அங்குலம். அதில் சரிபாதி, அதாவது 3.5 அங்குலம், 5 ஆம் திகதி மாலை ஆறு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் கொட்டித் தீர்த்தது. அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் தேவாலய ஆராதனைக்குச் செல்ல வேண்டியவர்கள் நேரத்தோடு படுத்துவிட்டார்கள். அருவிக்குக் கீழே, ஓடையின் ஓரத்துச் சமதரையில், ஆண் மாணவர் விடுதி ஒன்றும் கல்லூரி ஊழியர்களின் வீடுகளும் இருந்தன. அவற்றுக்கு அப்பால், மணம் முடித்த மாணவர்கள் தம் குடும்பங்களோடு வாழ்ந்த, சில்லுகளில் இழுத்துச் செல்லக்கூடிய ட்ரெயிலர் வீடுகள் வரிசையாக நின்றன. போதகராக வர வேண்டும் என்பதற்காக, பார்த்த வேலையை விட்டுவிட்டு மனைவி மக்களோடு படிக்க வந்தவர்கள் அவர்கள். வாடகை குறைந்த இடம் ஓடைக்கரைதான். எந்த நாட்டிலும் அப்படித்தான்.

கல்லூரியில் தொண்டர் தீயணைப்புப் படை ஒன்று இருந்தது. அதைச் சேர்ந்தவர்கள் சிலர் அன்றிரவு, மழையைக் கண்டு, அணை எப்படியிருக்கிறது என்று போய்ப் பார்த்திருக்கிறார்கள். அசாதாரணமாக எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. கும்மிருட்டில், கொட்டும் மழையில், கைவிளக்கோடு முகட்டில் நின்று பார்த்தால் நீர்மட்டம் தெரியலாம். சரிவின் அடி தெரியாது. கீழே ஓடை பெருகுவதைக் கண்டு, கரையோரத்தில் இருந்தவர்களை எழுப்பிக்கொண்டிருந்த வேளையில்தான், 6 ஆம் திகதி அதிகாலை ஒன்றரை மணியளவில், அணை உடைத்தது.

அவ்வேளையில் குளத்தில் ஏறத்தாழ 630 ஏக்கர் அடி தண்ணீர் இருந்ததாகப் பின்னர் கணித்தார்கள். கந்தளாய்க் குளம் ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கும் மேல் கொள்ளும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். ஆயினும், மண் முழுவதுமாகப் பெயர்ந்துபோக, அந்தச் சொற்பம் அனைத்தும் ஒரேயடியாகப் புறப்பட்டது. உச்சக்கட்டத்தில் செக்கனுக்கு 24,000 கன அடி. அது அருவியின் உச்சிக்கு வந்து, 186 அடி கீழே விழுந்து, மரங்களையும் பாறைகளையும் அள்ளிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கியது. விடுதியின் கீழ்மாடி மூழ்கியது. ட்ரெயிலர் வீடுகள் தீப்பெட்டிகள் போல உருண்டு ஒன்றன் மீது ஒன்று ஏறின. முப்பத்தொன்பது பேர். குழந்தைகள், தாய்மார், மாணவர்கள், மற்றவர்களை எழுப்பப் போனவர். எல்லாம் ஒரு சில நிமிட வேலை. ஒரு குளம் வெறுமையாவதற்கு அதைவிட அதிக நேரம் தேவைப்படவில்லை.

விசாரணைக்குழு தனியொரு காரணத்தை அடித்துச் சொல்லவில்லை. இதில் எனக்கு அவர்கள் மீது மதிப்பு ஏற்பட்டது. பார்த்ததையும் பார்க்காததையும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அணையே போய்விட்ட பிறகு அதன் உட்புறத்தை எவர் சாட்சி சொல்ல முடியும்? பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இதுதான் என்றார்கள்: செங்குத்தான வெளிச்சரிவில் ஓரிடம் சரிந்திருக்கும், உள்ளே அரிப்பும் துணை சேர்ந்திருக்கும், அதனால் முகட்டில் ஓர் உடைப்பு விழுந்து, பாய்ந்த தண்ணீர் ஊறியிருந்த மீதிக் கட்டையும் கரைத்திருக்கும். பழைய மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய், கைவிடப்பட்ட நிலையில் அணையின் வயிற்றுக்குள்ளே கிடந்ததையும் அவர்கள் கவனித்தார்கள்.

இதை வாசிக்கும்போது எனக்கு மட்டக்களப்புப் பகுதியின் வட்டை விதானையார்களின் நினைவு வந்தது. வயற்காரரால் தெரிவு செய்யப்பட்டு, நெல்லாகக் கூலி பெற்று, யாருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்ப்பவர் அவர். அவருக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் தன் குளத்தின் கட்டில் எங்கே நண்டுவளை, எங்கே கறையான்புற்று, எந்த இடத்தில் மாரிக்கு ஈரம் காணும் என்பது அவருக்குத் தெரியும். ஏனெனில் அவரும் அந்தத் தண்ணீரில் சோறு தின்பவர். பழைய காலத்தை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. பயிர் செய்யும் குளங்களும் உடைத்திருக்கின்றன. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நான் உயர்தர வகுப்பு மாணவன். அது கைவிடப்பட்ட குளமல்ல. ஒரு திணைக்களமே பொறுப்பாயிருந்த, ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்களுக்குப் பாய்ந்த குளம். ஆகவே, பயன்பாட்டில் உள்ள குளம் உடையாது என்று நான் சொல்ல வரவில்லை. பயன்பாடு நின்ற குளத்துக்கு, உடையுமா என்று கேட்கவே ஆளில்லாமல் போகிறது என்பதுதான் எனது அச்சம்.

அமெரிக்கர்களுக்கு இது முதற் பாடமும் அல்ல. உலகத்திலேயே பேர்போன அணை உடைப்புகளுள் ஒன்று, பொழுதுபோக்குக்காக வைத்திருந்த ஒரு தனியார் மண்ணணை உடைந்ததுதான். பென்சில்வேனியா மாநிலத்தில் ஜோன்ஸ்டவுன் என்ற இரும்புத் தொழிற்சாலை நகருக்கு 14 மைல் மேலே இருந்த சவுத் போர்க் அணை அது. டொக்கோவா அணையை விட மிகப் பெரியது: 72 அடி உயரம், 931 அடி நீளம். ஆனால் அதன் சரித்திரம், ஒரே கதையை இரண்டு தடவை எழுதியது போல, கெல்லி பார்ன்ஸ் அணையின் சரித்திரத்தோடு ஒத்துப்போகிறது.

அதனையும் ஒரு வேலைக்காகவே கட்டினார்கள். படகுக் கால்வாய்க்கு வரட்சிக் காலத்தில் தண்ணீர் கொடுப்பதற்காக மாநில அரசு கட்டியது. 1853 இல் வேலை முடிந்தபோது, புகையிரதப் பாதை வந்து கால்வாயே தேவையற்றதாகிவிட்டது. சில வருடங்களில் அணை புகையிரதக் கம்பனிக்கு விற்கப்பட்டது. 1875 இல் அதனை வாங்கிய ஓர் அரசியல்வாதி, அடியில் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கென்று பதித்திருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார் என்பது பதிவு. அடியில் துருசு இல்லாத குளத்தை நினைத்துப் பாருங்கள். நிரம்பினால் வான் வழியாக மட்டுமே போகலாம். திருத்த வேண்டுமென்றாலும் தண்ணீரை இறக்க வழியில்லை. 1879 இல் பெஞ்சமின் ரவ் என்பவர் அதனை வாங்கி, மீன்பிடி வேட்டைக் கழகம் ஒன்றை அமைத்தார். பிற்ஸ்பேர்க் நகரத்துச் செல்வந்தர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதில் அங்கத்தவர்கள். அன்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே பிரிக், அன்ட்ரூ மெலன் ஆகியோரின் பெயர்களும் அந்தப் பட்டியலில் உள்ளன.

உடைந்துகிடந்த பகுதியைக் கழகம் மண்ணும் கல்லும் போட்டு அடைத்தது. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போகத்தக்கதாக முகடு அகலமாக இருக்க வேண்டும் என்று அதன் உயரத்தை இரண்டு மூன்று அடி குறைத்தது. விலைகொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பி ஓடாதபடி வானுக்குக் குறுக்கே இரும்பு வலைத் தட்டி போட்டது. இந்த மூன்றாவது செயலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் கூசுகிறது. வான் என்பது குளத்தின் மூச்சுக்குழாய். சருகும் கொப்பும் வந்து அடையக்கூடியதாக அதன் வாயில் ஒரு வலையைக் கட்டியிருக்கிறார்கள், மீனுக்காக.

கீழே ஜோன்ஸ்டவுனில் எவருக்கும் தெரியாமல் இது நடக்கவில்லை. அங்கிருந்த கம்பிரியா இரும்புக் கம்பனியின் தலைவர் டானியல் மொரெல், 1880 இல் தன் பொறியியலாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். அடியில் குழாய் இல்லை, திருத்தம் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். எமது முயற்சியால் உங்களுக்கு ஆபத்து எதுவுமில்லை என்ற கருத்தில் ரவ் பதில் எழுதினார். மொரெல் விட்டுவிடவில்லை, திருத்தச் செலவில் ஒரு பங்கைத் தருவதாகவும் முன்வந்தார். பயனில்லாமற் போகவே, உள்ளேயிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கழகத்தில் தாமே ஓர் அங்கத்துவத்தை வாங்கினார். 1885 இல் அவர் காலமானார். 1889 மே 31 ஆம் திகதி பிற்பகல், பெருமழைக்குப் பின்னர், அணை உடைத்தது. 2,209 பேர் இறந்தனர். அடையாளம் காணமுடியாத எழுநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஊர் மயானத்தில் பெயரில்லாத கற்களின் கீழே வரிசையாகக் கிடக்கிறார்கள். அணை உடையப்போகிறது என்று அன்று காலையிலிருந்து தந்திகள் போயிருந்தன. ஒவ்வொரு மாரியிலும் கேட்டுப் புளித்த செய்தி என்று அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை.

கழகத்தின் மீது வழக்குப் போட்டவர்கள் வெல்லவில்லை. கடவுளின் செயல் என்றார்கள். கழகத்துக்கென்று சொத்தும் பெரிதாக இல்லை. சொத்தெல்லாம் அங்கத்தவர்களின் சொந்தக் கணக்குகளில் இருந்தது. இங்கிலாந்திலோ இருபது வருடங்களுக்கு முன்னரே, 1868 இல், பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் என்ற ஆலைமுதலாளியின் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. அவர் தன் காணியில் கட்டுவித்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் கசிந்து அயலவரின் நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பிவிட்டது. கவனயீனம் இருந்ததோ இல்லையோ, தப்பினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவனே அதற்குப் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். ஜோன்ஸ்டவுனுக்குப் பிறகுதான் அமெரிக்க நீதிமன்றங்கள் பல அந்தத் தத்துவத்தை ஏற்றுக்கொள்ளத் தொடங்கின. சட்டமும் சில வேளைகளில் பிரேதங்களின் பின்னால்தான் நடந்து வருகிறது.

டொக்கோவாவிலும் அதுவே நடந்தது. 1972 பெப்ரவரியில் மேற்கு வேர்ஜீனியாவில் பபலோ கிரீக் என்ற இடத்தில் நிலக்கரிக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்ததைத் தொடர்ந்து, நாட்டின் அணைகளைப் பரிசோதிப்பதற்கான சட்டமொன்று அதே வருடத்தில் நிறைவேற்றப்பட்டது. அணைகளை எண்ணிப் பட்டியல் போட்டார்கள். பரிசோதிப்பதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. சட்டம் இருந்தது, பட்டியல் இருந்தது. பட்டியலைத் தூக்கிக்கொண்டு மலையேற ஆள் இருக்கவில்லை. எமது நாட்டில் ஆணைக்குழு அறிக்கைகளுக்கு நேரும் கதியை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1977 இல் ஜனாதிபதியாக இருந்தவர் ஜிமி கார்ட்டர். ஜோர்ஜியாவின் முன்னாள் ஆளுநர். அது அவரது சொந்த மாநிலம். அணை உடைந்த அன்றே அவரது மனைவி றோசலின் டொக்கோவாவுக்கு வந்து, உறவுகளை இழந்தவர்களோடு இருந்தார். அடுத்த சில வாரங்களுக்குள், உடைந்தால் உயிரிழப்பு நேரக்கூடிய இடங்களில் உள்ள, சமஷ்டி அரசுக்குச் சொந்தமில்லாத அணைகளைப் பரிசோதிக்குமாறு இராணுவப் பொறியியல் படைக்குக் கார்ட்டர் பணித்தார். ஐந்து வருடங்கள் கிடைக்காத பணம் இப்போது கிடைத்தது. 1981 வரை ஏறத்தாழ 8,800 அணைகளைப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று கண்டார்கள். பெரும்பாலானவற்றில் குறை ஒன்றே: பெருமழைக்கு வான் போதாது. ஜோர்ஜியா மாநிலம் 1978 இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதுவரை அங்கே தனியார் ஒருவர் தன் காணியில் அணை கட்டிவிட்டால், அதன் பாதுகாப்பைக் கண்காணிக்கும் சட்டம் இருக்கவில்லை.

இந்தச் சட்டத்தில் நான் ரசித்த ஓர் அம்சம் உண்டு. அணைகளை வகைப்படுத்தும்போது, உடைந்தால் கீழே எவராவது இறக்கக்கூடுமா என்றுதான் முதலில் கேட்கிறது. இறக்கக்கூடும் என்றால் முதலாம் வகை, கடுமையான விதிகள். இல்லையென்றால் இரண்டாம் வகை, விட்டுவிடுவார்கள். ஆனால் இதற்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. அணை நகர்வதில்லை, வீடுகள் நகர்ந்து வருகின்றன. காடாக இருந்த பள்ளத்தில் ஒருநாள் குடியிருப்பு எழும்பினால், ஒரு மண்வெட்டி மண்கூட மாறாமல், அந்த அணை இரண்டாம் வகையிலிருந்து முதலாம் வகைக்கு மாறிவிடும். எவராவது போய்ப் பார்த்து மாற்றினால்.

இன்று அமெரிக்காவின் தேசிய அணைப் பதிவேட்டில் 90,000 க்கும் மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மண்ணணைகள். பாதிக்கும் மேற்பட்டவை தனியாருக்குச் சொந்தம். அவை என்ன நோக்கத்துக்கு என்று பார்த்தால், நீர்ப்பாசனத்தையும் மின்சாரத்தையும் முந்திக்கொண்டு பொழுதுபோக்கு நிற்கிறது.

இந்த விபரங்களைத் தொலைபேசியில் மருமகனுக்குச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, எங்கடை வீட்டுக்குப் பின்னாலை இருக்கிறதும் அதுதானே" என்றான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவனது குடியிருப்புத் தொகுதியின் நடுவே ஒரு சிறிய ஏரி உண்டு. நான் அங்கு தங்கியிருந்த மூன்று வாரங்களும் காலையில் அதன் கரையால்தான் நடந்தேன். வாத்துகள் நீந்தும். பிள்ளைகள் தூண்டிலோடு நிற்பார்கள். ஏரி தெரிகிற வீடுகளுக்கு விலை அதிகம் என்று சொல்லியிருந்தான். ஒரு பக்கத்தில் கரை நேராகவும் உயரமாகவும் இருந்ததையும், அதன் மறுபக்கத்தில் பைன் மரங்கள் அடர்ந்து நின்றதையும் கண்டேன். இயற்கையான மேடு என்றே நினைத்துக் கடந்து போனேன். எங்கள் ஊரில் ஆயிரம் குளக்கட்டுகளில் நடந்தவன் நான். அங்கே ஒரு குளக்கட்டில் நடக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஏரி யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்கச் சொன்னேன். வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு, அதாவது அங்கு வீடு வைத்திருக்கும் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொந்தம் என்று தெரிந்தது. ஆகவே அவனுக்கும் ஒரு பங்கு. நிலத்தைத் துண்டுபோட்டு விற்றவர்கள், பண்ணைக்காலத்தில் மாடுகள் நீர் குடிக்கக் கட்டிய குட்டையையே ஏரியாக்கி விட்டுச் சென்றிருந்தார்கள். சங்கத்தின் செயற்குழுவில் ஒருவரிடம் கட்டைப் பற்றிக் கேட்டபோது, புல் வெட்டுவதற்கு வருடாந்த ஒப்பந்தம் இருக்கிறது என்ற பதில் கிடைத்தது. கீழ்ப்பக்கத்தில் மரங்கள் நிற்பதால் அங்கே புல் வெட்டுவதில்லை. கட்டுக்குக் கீழே ஒரு வீதியும் பதினொரு வீடுகளும்.

மூன்று கடிதங்களுக்குப் பிறகு விடயம் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவை எல்லோரும் பகிர வேண்டும் என்றபோது முணுமுணுப்பு எழுந்ததாம். ஏரி தெரியாத வீட்டுக்காரர்கள் தாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களிலே சிலரது வீடுகள்தான் கட்டுக்குக் கீழே இருப்பவை. மருமகன் எழுந்து டொக்கோவாவைப் பற்றிச் சொன்னான். அந்த அருவிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர் அங்கு இருந்தார்கள். மேலே குளம் இருந்ததை அறிந்தவர்கள் இரண்டு பேர்.

வாக்கெடுப்பில் மிகச் சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறியது. பொறியியலாளர் வந்து பார்த்தார். மரங்களை வெட்ட வேண்டும், ஆனால் பெரிய வேர்களைப் பிடுங்கினால் வெறும் துளையாக விடக்கூடாது, மண் போட்டு இறுக்க வேண்டும் என்றார். கீழே ஓரிடத்தில் கொடியடித்து அடையாளமிட்டு, அங்கு ஈரம் பரவுகிறதா, வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்று மழைக்குப் பிறகு பார்த்து எழுதி வைக்கும்படி சொன்னார். எழுதி வைப்பது யார் என்ற கேள்விக்குக் கூட்டத்தில் பதிலில்லாமல் இருந்ததாம்.

மருமகனிடம் ஒரு நாய் இருக்கிறது. முன்னர் ஏரிக்கரையால் அதைக் கூட்டிக்கொண்டு நடப்பான். இப்போது மழை பெய்த மறுநாட்களில் கட்டின் அடியால் போகிறான். கடந்த மாரியில் ஒரு படம் அனுப்பியிருந்தான்: சேற்றில் ஒரு சிறிய கொடி, பக்கத்தில் நாயின் கால், கீழே ஒரு வரி. "மாமா, ஈரம் இருக்கு. தண்ணி தெளிவு."